ஆறு பக்கம், இருபது நிமிட மௌனம்

அமேசானில் ஒரு மணி நேரக் கூட்டம். பத்துப் பேர் வந்து உட்கார்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஆறு பக்கம் அச்சடித்த தாள். வணக்கம் சொன்னதோடு சரி, அப்புறம் யாரும் பேசுவதில்லை. இருபது நிமிடம் தாள் புரளும் சத்தமும் ஓரத்தில் பேனா கீறும் சத்தமும்தான். 2021 வரை தலைமை நிர்வாகியாக இருந்த நிறுவனர் ஜெஃப் பெசோஸும் அந்த நாட்களில் அதே அறையில் அதே தாளைத்தான் படிப்பார். எழுதியிருப்பது தவறு என்று வைத்துக்கொண்டு, சரிதான் என்று தனக்கு நிரூபணமாகும் வரை ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்று படிப்பார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் பெரும்பாலும் கடைசியில் படித்து முடிப்பவரும் அவரே.

தொழில்நுட்ப நிறுவனர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கார் கொட்டகையில் தொடங்கிய கதையும் கதவுப் பலகையில் செய்த மேசையும் வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கும், நாளைக் காலை எடுத்துச் செய்ய அதில் ஒன்றுமில்லை. பவர்பாயின்ட் ஸ்லைடுகளுக்குப் பதிலாக வந்த அமேசானின் இந்தப் படிப்புக் கூட்டம் அப்படியில்லை. ஐந்து பேர் வேலை பார்க்கும் இடத்திலும் தொடங்கலாம். ஆனால் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டவர்களுக்குப் பலன் கிடைப்பதில்லை. “எங்க ஆபீஸ்லயும் பிபிடி கிடையாது, எல்லாம் டாக்குமென்ட்தான்” என்று சொல்லும் பல இடங்களில் கூட்டம் முன்னைவிட மோசமாக நடக்கிறது. எந்தப் பாகம் எதைத் தாங்குகிறது என்று தெரிந்தால் எதை விடக்கூடாது என்பதும் தெரியும்.

முதலில் பெயர். இதை அங்கே மெமோ என்பார்கள். நம் அலுவலகங்களில் மெமோ என்றால் தப்புச் செய்தவரிடம் விளக்கம் கேட்டு வரும் ஓலை. “உனக்கு மெமோ ரெடி” என்றால் யாருக்கும் சந்தோஷம் வராது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு புதுப் பழக்கம் ஆரம்பிக்க வேண்டாம். குறிப்பு என்று சொன்னால் போதும்.

இது எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கு வலிக்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பியது. கல்பனா சாவ்லாவையும் சேர்த்து ஏழு பேர் உள்ளே இருந்தார்கள். கிளம்பி ஒன்றரை நிமிடம் ஆவதற்குள் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே, சேதம் எவ்வளவு இருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் கணக்குப் போட்டு நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், சோதனைத் தரவுகளின்படி நிலைமை பாதுகாப்பான பக்கமே இருக்கிறது என்ற எண்ணம் வரும். அதே ஸ்லைடின் கடைசி வரிகளில், உள்ளே தள்ளிய சிறிய எழுத்தில், வேறொரு செய்தி இருந்தது. சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம், மோதிய துண்டின் அளவு ஏறக்குறைய 1,920 கன அங்குலம். 640 மடங்கு. அந்தச் சோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதுதான் இதன் அர்த்தம். நிலைமை சோதனைத் தரவுகளுக்கு வெகு வெளியே இருக்கிறது என்று ஒரு வரி அதில் இருந்தது, ஆனால் அதனால் என்ன முடிவு என்பதை அந்த ஸ்லைடு சொல்லவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

விபத்துக்கு அந்த ஸ்லைடுதான் காரணம் என்று சொன்னால் அது தவறு. காரணங்கள் நாசாவின் நிர்வாகத்தில் ஆழமாகக் கிடந்தன. ஆனால் தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போடும் பழக்கத்தை விசாரணைக் குழுவே தன் அறிக்கையில் குறை சொன்னது. யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் டஃப்டி அந்த ஒரு ஸ்லைடை வரிவரியாகப் பிரித்துக் காட்டியிருந்தார். அவருடைய கட்டுரையைப் பெசோஸும் அவருக்கு உதவியாக இருந்த காலின் பிரையரும் படித்தார்கள். 2004 ஜூன் 9 அன்று, மூத்த நிர்வாகிகளின் கூட்டத்தில் இனிப் பவர்பாயின்ட் கிடையாது என்று மின்னஞ்சல் போனது.

பெசோஸ் அன்று கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: 20 பக்க ஸ்லைடு போடுவதைவிட நல்ல 4 பக்கக் குறிப்பு எழுதுவது கடினம், ஏனென்றால் எது எதைவிட முக்கியம், எது எதோடு தொடர்புடையது என்பதை எழுத்து நம்மைச் சொல்ல வைத்துவிடும். வேர்டில் புள்ளி வைத்துப் பட்டியல் போட்டால் அதுவும் பவர்பாயின்ட் அளவுக்கே மோசம் என்றும் எழுதியிருந்தார். முதலில் பேசப்பட்டது நான்கு பக்கம். பின்னால் அது ஆறாக நிலைத்தது. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் என்றால் ஆறு பக்கத்துக்கு இருபது நிமிடம். ஒரு மணி நேரத்தில் பேசுவதற்கு நாற்பது நிமிடம் மிஞ்சும். ஆறு என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். அரை மணி நேரக் கூட்டத்துக்கு மூன்று பக்கம் என்று நாமே குறைத்துக்கொள்ளலாம்.

தமிழில் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஸ்லைடில் நாம் வினைமுற்று எழுதுவதே இல்லை. ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்கிறது. அவர்களுடைய ஸ்லைடு இப்படி இருக்கும்:

வாடிக்கையாளர் இழப்பு: அதிகரிப்பு
காரணம்: சப்போர்ட் தாமதம், விலை
தீர்வு: சப்போர்ட் டீம் விரிவாக்கம்
பட்ஜெட்: 6 லட்சம்

நான்கு வரி, ஒரு வினைமுற்றுகூட இல்லை. “அதிகரிப்பு” என்றால் எப்போதிலிருந்து? தானாகக் கூடியதா, நாம் செய்த ஏதோ ஒன்றால் கூடியதா? “குறைந்தது” என்று எழுதுவதா “குறைத்தோம்” என்று எழுதுவதா என்று யோசிக்கும்போதே யார் பொறுப்பு என்ற கேள்வி வந்து நிற்கும். வினைமுற்று காலத்தையும் ஆளையும் கேட்காமல் விடாது. இரண்டு காரணங்களுக்கு நடுவில் இருக்கும் காற்புள்ளியும் பெரிய ஆபத்து. சப்போர்ட்டும் விலையும் சம எடை போல அதில் தெரிகின்றன. இப்போது அதையே பத்தியாக எழுதச் சொன்னால்:

“ஏப்ரல் தொடக்கத்தில் 412 கடைகள் நமக்குச் சந்தா கட்டின. ஜூன் முடிவதற்குள் அவற்றில் 41 கடைகள் விலகிவிட்டன. 41 பேருக்கும் போன் செய்தோம், 33 பேர் பேசினார்கள். மாலை 6 மணிக்கு மேல் பில் நின்றுபோனால் நம்மிடம் போன் எடுக்க ஆள் இல்லை என்று 19 பேர் சொன்னார்கள். 9 பேர் கடையையே மூடிவிட்டார்கள். விலையைக் காரணம் சொன்னவர்கள் 5 பேர் மட்டுமே. ஆகவே ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன்னால் நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்கிறோம். இப்போது இருக்கும் 6 பேரில் 2 பேர் மதியம் 2 முதல் இரவு 10 வரை வந்தால், இரவுப்படி மாதம் 14,000 ரூபாய் ஆகும். காலையில் 4 பேர்தான் இருப்பார்கள் என்பதால் அந்த நேரத்தில் போன் எடுக்கக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதம் 5 நிமிடத்தைத் தாண்டினால் மாற்றத்தைத் திரும்பப் பெறுவோம்.”

எழுத உட்கார்ந்ததால் 6 லட்சம் கேட்ட இடத்தில் மாதம் 14,000 என்று ஆகிவிட்டது. எழுதியவருக்கு நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். “41 கடைகள் விலகிவிட்டன” என்று எழுதியதும் அடுத்த வாக்கியம் ஏன் என்று கேட்கிறது. அவரிடம் பதில் இல்லை. எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனை எடுக்கிறார். நல்ல குறிப்புக்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி இப்படித் தகவல் தேடப் போகும் நேரம். “கொஞ்சம் தாமதமாகும்” என்ற இடம் இன்னும் வலுவில்லாமல் இருக்கிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். கூட்டத்தில் முதல் கேள்வி அங்கேதான் விழும், விழ வேண்டும்.

இனிக் கூட்டத்தை நடத்தும் முறை.

தாளை முன்கூட்டி அனுப்ப வேண்டாம். அனுப்பினால் பாதிப் பேர் படிக்காமல் வந்து, படித்த மாதிரி தலையாட்டுவார்கள். அறைக்குள் படிக்க வைத்தால் எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பது கண்முன்னால் தெரியும். அவரவர் நேரம் அவரவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற மரியாதையும் அதில் இருக்கிறது. திரையில் படித்தால் கண் வாட்ஸ்அப் பக்கம் போகும், அதனால் அச்சடித்துக் கொடுப்பதே நல்லது. ஆன்லைன் கூட்டமென்றால் இணைப்பில் வந்தபின் கோப்பைத் திறந்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, அங்கேயே படிக்க வேண்டும்.

முதல் சில தடவை இந்த மௌனம் சங்கடமாக இருக்கும். வேகமாகப் படிப்பவர் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு “ஒரு சின்ன டவுட்” என்று ஆரம்பிப்பார். அங்கே விட்டால் மெதுவாகப் படிப்பவர் மீதிப் பக்கங்களை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் பேச்சில் சேர்ந்துகொள்வார். கடைசி ஆள் பேனாவைக் கீழே வைக்கும் வரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்பதில் கண்டிப்பு வேண்டும். முடித்தவர் இரண்டாம் தடவை படிக்கட்டும்.

படித்து முடித்ததும் எழுதியவர் எழுந்து விளக்க வேண்டியதில்லை. வாயால் விளக்கினால்தான் புரியும் என்றால் தாள் தோற்றுவிட்டது. பக்கம் பக்கமாகப் போங்கள்: “முதல் பக்கத்தில் யாருக்கு என்ன?” பேச்சைக் குறித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும், பதில் சொல்லிக்கொண்டிருப்பவரால் குறிப்பெடுக்க முடியாது.

அடுத்தது பலரும் தவறவிடும் பாகம். பெரியவர் கடைசியில் பேச வேண்டும். பெசோஸ் 2023 டிசம்பரில் ஒரு நீண்ட பேட்டியில் இதை வெளிப்படையாகச் சொன்னார். எல்லோரும் புத்திசாலிகள்தான், ஆனாலும் தான் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் நல்ல மனிதர்கள்கூட ஒருவேளை நாம்தான் தவறோ என்று பின்வாங்கிவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அதனால் அனுபவத்தில் சிறியவர் முதலில், தான் கடைசியில். நம் ஊரில் இது இன்னும் அவசியம். சார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு எதிராகப் பேசுவதை நாம் கருத்து வேறுபாடாகப் பார்ப்பதில்லை, மரியாதைக் குறைவாகப் பார்க்கிறோம். “யாராவது சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்டால் கனத்த அமைதிதான் பதில். பெயர் சொல்லிக் கேளுங்கள். சேர்ந்து ஆறு மாதமான பொறியாளரிடம், “மூன்றாம் பக்கத்துக் கணக்கில் உங்களுக்குச் சந்தேகமான எண் எது?” என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும். “உங்க ஒபீனியன் என்ன?” என்று கேட்டால் முடியாது. முதலாளி படிக்கும்போது முகத்தைச் சுளிப்பதும் பேச்சுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அமேசானில் குறிப்பின் மேல் எழுதியவர் பெயர் போடுவதில்லை. அது குழு முழுவதுமாகச் சொல்வது என்பது அங்கே மரபு. குறை சொல்பவருக்கும் இது வசதி, யாருடைய மனதும் புண்படாமல் தாளைக் கிழிகிழியென்று கிழிக்கலாம்.

எங்கே கோணலாகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு பக்கத்துக்குள் அடங்காதபோது எழுத்தைச் சிறிதாக்கி ஓரங்களைக் குறைத்து ஒன்பது பக்கத்தை ஆறில் அடைப்பார்கள். எழுத்தின் அளவையும் ஓரத்தையும் ஒருமுறை நிர்ணயித்துவிடுங்கள். விரிவான அட்டவணைகள் பின்னிணைப்புக்குப் போகட்டும், அதைப் படித்தே ஆக வேண்டும் என்று இல்லை. இன்னொரு கோணல், எல்லாம் நன்றாக எழுதியிருக்கும், ஆனால் கடைசியில் என்ன கேட்கிறார் என்பதே இருக்காது. பணமா, ஆளா, அனுமதியா? முதல் பக்கத்தின் முதல் பத்தியிலேயே “இந்தக் கூட்டத்தில் இந்த முடிவு வேண்டும்” என்று இருந்தால் படிப்பவர் அந்தக் கண்ணோடு படிப்பார். அரசு அலுவலகக் கோப்பில் நோட் எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே கீழிருந்து எழுதப்படும் குறிப்பு ஆணை வேண்டி மேலே போகும். ஆனால் கோப்பு ஒவ்வொரு மேசையாக ஏறும், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படிப்பார்கள். இங்கே எல்லா மேசையும் ஒரே அறையில்.

மொழி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தமிழில் யோசித்து, தமிழில் பேசி வேலை செய்யும் குழுவிடம் ஆங்கிலத்தில் ஆறு பக்கம் கேட்டால், நன்றாக ஆங்கிலம் எழுதுபவரின் யோசனை ஜெயிக்கும். நல்ல யோசனை வைத்திருப்பவர் “விரைவில் செய்து முடிக்கத் திட்டமிடப்பட்டுள்ளது” என்பது மாதிரி எங்கேயோ பார்த்த வாக்கியங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். பேசுகிற தமிழில், சப்போர்ட், சர்வர், ரிலீஸ் எல்லாம் அப்படியே கலந்து எழுதவிடுங்கள். வெளியூர்க் குழுவுக்கு வேண்டுமென்றால் பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். தமிழில் தட்டச்சுப் பழக்கமில்லாதவர் போனில் பேசி எழுத்தாக்கிக்கொண்டு பிறகு திருத்தலாம்.

அதேபோல, நான்கு புள்ளிகளைக் கொடுத்து ஏஐயிடம் ஆறு பக்கம் வாங்கிவரும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. மேலே பார்த்த கடைக் கணக்கில் பலன் எங்கே கிடைத்தது? எழுதியவர் நின்றுபோய்ப் போனை எடுத்த இடத்தில். இயந்திரம் அந்த இடத்தில் நிற்காது, சறுக்கிக்கொண்டு போய்விடும். எழுதி முடித்ததைக் கொடுத்து, “இதில் எந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை?” என்று கேட்பது நல்ல உபயோகம்.

நேரத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டுக்காகப் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் பெசோஸ் தலைகீழாக நிற்கக் கற்றுக்கொண்ட ஒரு தோழியைப் பற்றிச் சொல்கிறார். கைகளில் ஒழுங்காக நிற்க இரண்டு வாரப் பயிற்சி போதும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் ஆறு மாதம் தினமும் செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னாராம். குறிப்பும் அப்படித்தான் என்கிறார்: ஒரு நாளில், இரண்டு நாளில் முடிக்கலாம் என்று நினைத்து எழுதுபவை மோசமாக வருகின்றன. எழுதி, மாற்றி எழுதி, உடன் வேலை பார்ப்பவரிடம் காட்டி, இரண்டு நாள் ஒதுக்கி வைத்துவிட்டுப் புது மனதோடு திரும்ப எடுக்க வேண்டும், ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும்.

ஒரு வாரம் சின்ன விலையில்லை. எல்லா முடிவுக்கும் இதைக் கேட்டால் நிறுவனம் நகராது. இங்கே 2015ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவர் செய்த பிரிவினை கைகொடுக்கும். சில முடிவுகள் ஒருவழிக் கதவு, போனால் திரும்பி வர முடியாது. பெரும்பாலானவை இருவழிக் கதவு, பிடிக்கவில்லையென்றால் திரும்பி வந்துவிடலாம். சிறிய நிறுவனத்தில் ஒருவழிக் கதவுகள் ஆண்டுக்கு ஐந்தாறு இருந்தாலே அதிகம்: முதலீடு வாங்குவது, பங்காளியைச் சேர்ப்பது, பழைய தயாரிப்பை நிறுத்துவது, தரவுத்தளத்தை மாற்றுவது. இவற்றுக்கு ஆறு பக்கமும் ஒரு வாரமும் கொடுங்கள். மேலே பார்த்த ஷிப்ட் மாற்றம் இருவழிக் கதவு. அதற்கு ஒரு பக்கம் போதும், அதில் திரும்ப வேண்டிய இடத்தையும் எழுதிவிட்டார்கள். இப்படிப்பட்ட முடிவுகளில் கிடைக்க வேண்டிய தகவலில் 70 சதவீதம் வந்ததும் முடிவெடுக்கலாம், 90க்குக் காத்திருந்தால் பெரும்பாலும் தாமதமாகிவிடும் என்பது அடுத்த ஆண்டுக் கடிதத்தில் அவர் கொடுத்த அளவு.

இத்தனையும் செய்த அமேசான்தான் ஃபயர் போன் என்ற தன் சொந்த ஸ்மார்ட்போனையும் கொண்டுவந்தது. 2014 ஜூலையில் தொலைத்தொடர்பு நிறுவன ஒப்பந்தத்தோடு 199 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. செப்டம்பரில் விலை 99 சென்ட். அந்தக் காலாண்டில் 17 கோடி டாலரைப் பெரும்பாலும் இந்தப் போனுக்காக இழப்பாக எழுதினார்கள். அந்தப் போனின் வடிவமைப்பில் பெசோஸ் நேரடியாக, மிக நெருக்கமாக ஈடுபட்டிருந்தார். கடைசியில் பேசுபவர் என்ற இடம் அங்கே யாருக்கு இருந்திருக்க முடியும்? நிறுவனரே ஆசைப்பட்டு எடுத்துவரும் யோசனையில் இந்த முறை பாதி பலத்தை இழந்துவிடுகிறது என்பது என் கணிப்பு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. யோசனை முதலாளியுடையது என்றால், அதை ஏன் செய்யக்கூடாது என்ற இன்னொரு குறிப்பை வேறொருவரிடம் எழுதச் சொல்லி, முதலில் அதைப் படிக்க வைக்க வேண்டும். எழுதுபவருக்கு அது வேலையாகக் கொடுக்கப்பட்டிருப்பதால் துணிச்சல் தேவைப்படாது.

கூட்டம் முடிந்ததும் தாள்களை வாரிக் குப்பையில் போட வேண்டாம். ஓரங்களில் கிறுக்கியவை எழுதியவருக்குப் போகட்டும். ஒரு பிரதியின் கடைசிப் பக்கத்தில் தேதி, எடுத்த முடிவு, யார் செய்கிறார், எந்த எண் எங்கே போனால் முடிவை மாற்றுவோம் என்ற நான்கையும் கையால் எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் பெயரும் காரணமும் ஒரு வரி இருக்கட்டும். அவர் ஒத்துக்கொள்ளாமலே முழு மனதோடு அந்த வேலையைச் செய்யப்போகிறவர், அந்த வரி அவருக்குச் சேர வேண்டியது. அப்புறம் ஆறு மாதம் கழித்து ஒரு தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, அதே பத்துப் பேர் அதே தாளை மறுபடி இருபது நிமிடம் பேசாமல் படியுங்கள்.